பதினேழாவது பெரணி

தாண்டிக்குடி மலையில், கும்பிடுபாறை ஓடைக்கரையில், கருங்காம்புப் பெரணி பதினேழு தூர் இருந்தது. அந்த மலையில் வேறெங்கு தேடினாலும் அது கிடையாது. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் பதினாறுதான் இருக்கிறது. பதினேழாவது நின்ற இடத்தில் ஒரு குழியும், பாறையில் அரிவாள் நுனி கீறிய தடமும் இருந்தன.

எண்ணியவர் வனவர் ரெஜினா. நேரே கனகவல்லி வீட்டு வாசலில் வந்து நின்றார். வேறு எங்கே போவார்? அந்தப் பெரணியை வீட்டில் வளர்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் முறைப்படி அனுமதி வாங்கி, இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தூளை மட்டும் காகிதத்தில் தட்டி எடுத்து வந்தாள். செடியின் வேரைத் தொடவில்லை. தூளை ஈரச் செங்கல் பொடியில் தூவி, கண்ணாடி போட்டு மூடி, ஒன்றரை வருஷம் பொறுத்திருந்து மூன்று கன்று எடுத்தாள். ஒன்று அவளிடம் தாய்ச்செடியாக நின்றது. மற்ற இரண்டும் நாற்றுப்பண்ணை இருதயராஜுக்கும் சுலோச்சனா டீச்சருக்கும் போயின, காட்டிலிருந்து ஒரு வேர்கூட எடுக்க மாட்டோம் என்ற சத்தியத்தின் பேரில். இப்போது தாய்ச்செடியின் தூளில் முளைத்த நாற்பது கன்றுகள் அவள் நிழல்குடிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. வருகிற ஐப்பசி மழையில் அவற்றை ஓடைக்கரையில் நட வேண்டும். இத்தனை வருஷம் அவள் பட்ட பாடு அதற்குத்தான்.

"போன வாரம் எண்ணினப்போ சரியா இருந்துச்சும்மா," என்றார் ரெஜினா. "அங்க வெளிச்சம் ஓடைப் பக்கமிருந்து மட்டும்தானே வரும். எல்லாம் ஓடையை எட்டிப் பார்க்கிற மாதிரி வரிசையா சாஞ்சு நிக்கும். இப்ப நடுவுல பல்லு விழுந்த மாதிரி கிடக்கு. இந்தச் செடி இருக்கிறது உங்க மூணு வீட்டுலதான். யாருன்னு தெரியலைன்னா உங்க அனுமதி போயிரும், நாப்பது கன்னையும் நாங்க எடுத்துக்க வேண்டி வரும். எங்க ஆளுங்களுக்கு அதை வளர்க்கத் தெரியாது."

கனகவல்லி மகளின் பிரசவத்துக்காக மதுரையில் மூன்று வாரம் இருந்துவிட்டு முந்தின நாள் பொழுது சாய்ந்தபின்தான் திரும்பியிருந்தாள். வந்ததும் பெட்டிக் கன்றுகளை எட்டிப் பார்த்ததோடு சரி. வீட்டுக்காரர் மாசிலாமணி, பாவம், மிளகுப் பறிப்புக்கு நடுவிலும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர், அவள் கேட்பதற்கு முன்பே, "வெள்ளிக்கிழமை தவறாம சட்டியைத் திருப்பி வச்சேன் கனகு," என்றார். அது அவள் வழக்கம். வாரம் ஒரு தடவை சட்டியைக் கால் வட்டம் திருப்பினால் இலை ஒரே பக்கம் ஓடாமல் நாலாபுறமும் குடை மாதிரி விரியும். செடி கொடுத்தபோது மற்ற இருவருக்கும் அதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

முதலில் இருதயராஜ் பண்ணைக்குப் போனாள். கேட்டைப் பாதிதான் திறந்தான். "இன்னைக்கு வேண்டாம்க்கா, உள்ள மருந்து அடிச்சிருக்கு." மருந்து வாடையே இல்லை. அவன் நகக்கண்ணில் கரிய சேறு. அவள் விடுவாளா? தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூலையில் ஈரச்சாக்கு போட்டு எதையோ மூடியிருந்தான். சாக்கைத் தூக்கினால் பெரணி. ஓரமெல்லாம் கருகி, மிஞ்சிய ஏழெட்டு இலை நாலாபுறமும் விரிந்து கிடந்தது.

"ஊருக்கே செடி விக்கிறவன், நீங்க குடுத்ததைக் கருக விட்டுட்டேன். எந்த மூஞ்சியோட காட்டுறது?" என்றான். அவள் அவனை நம்பவில்லை. கருகியதற்குப் பதிலாகத்தான் புதிதாக ஒன்றைப் பெயர்த்து எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள்.

சுலோச்சனா டீச்சர் அப்படியே நேர்மாறு. கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்காரவைத்து முறுக்கு நீட்டினார். அந்த உபசாரமே கனகவல்லிக்கு உறுத்தியது. செடியோ இரண்டு கை கொள்ளாத அளவுக்குக் குடை விரித்து நின்றது.

"இவ்வளவு பெரிசாவா வளரும்?"

"மீன் கழுவின தண்ணி ஊத்துறேன்."

பக்கத்தில் புத்தம்புதுச் சட்டி ஒன்று காலியாக இருந்தது. எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்," என்று டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இங்கேயும் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து நிழல்குடிலில் உட்கார்ந்தாள். மாசிலாமணி கேட்காமலே காப்பி கொண்டுவந்தார். "யாராம்?" என்றார். அவள் ஒரு வாய் குடிப்பதற்குள் மறுபடியும், "யாராம்?" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. தாய்ச்செடியின் சட்டியைத் திருப்பக் கை வைத்தாள். தலைக்கு மேலே பச்சை வலை, எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். செடி செழிப்பாகத்தான் இருந்தது. துளிர் முதல் தோல் மாதிரி தடித்த பழைய இலை வரைக்கும், அத்தனையும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. கை சட்டியிலேயே நின்றது. யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

படித்துக்கொண்டே வந்த உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினேழாவது தூரைப் பெயர்த்தது யார்?

பெயர்த்தது மாசிலாமணி. வாராவாரம் திருப்பிய சட்டியில் இலை ஒரு பக்கம் சாயாது. திருப்பவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மூன்று வாரத்தில் துளிர்தான் வளையும், முற்றிய இலை வளையாது. பல வருஷம் ஓடைப் பக்கத்து வெளிச்சத்தையே பார்த்து நின்ற செடி அது. மிளகுப் பறிப்பில் எட்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்து தாய்ச்செடி காய்ந்துபோக, இவள் வந்து அழுவாளே என்று பயந்து மனிதர் ஓடைக்குப் போயிருக்கிறார். "அழுதிருப்பேன், அவ்வளவுதானேங்க," என்றாள் கனகவல்லி. அன்று சாயங்காலமே ஒரு கையில் சட்டியும் பின்னால் புருஷனுமாக ரெஜினாவிடம் போய் நின்றாள். தூர் பாறைக்குத் திரும்பியது. கன்றுகளை ஐப்பசி வரை அவளே வளர்க்க விட்டார்கள். ஆனால் பெயர்த்தது அவள் வீட்டு ஆளே என்பதால் அனுமதி போனது போனதுதான். நடவு நாளில் அவளை ஓடைக்குள் விடவில்லை. வேலிக்கு வெளியே மழையில் நின்று, எந்தக் கன்றை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் காலிச் சட்டி, அந்த நாற்பதில் ஒன்று கேட்கலாம் என்ற ஆசையில் வாங்கி வைத்ததாம். இருதயராஜிடம் மன்னிப்புக் கேட்பதுதான் இன்னும் பாக்கி.