சாம்பல் பூசாத மூஞ்சூறு

பூனையும் எலியும் பிறாண்டிக்கொள்வதற்கு முன் நாலு வார்த்தை பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மூஞ்சூறுகளுக்கு உடம்பில் நாற்றம் கிடையாது. கிடையாது என்றுதான் அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன.

ஒரு பண்ணை வீட்டின் நெற்குதிருக்கு அடியில் அவற்றின் வளை இருந்தது. கண் மங்கல், கால் குட்டை. பூனைக்கு முன்னால் ஓடி ஜெயிக்க முடியாது. அதனால் பூனையின் மூக்கில் சிக்காமல் இருப்பது ஒன்றே பிழைக்கும் வழி என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். "நாம வாசமில்லாத குலம்" என்பது அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம்.

விடியும் முன் இரைதேடித் திரும்பும்போது எல்லோரும் வளைவாயில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் முன்னங்காலைத் தூக்கி விலாவைக் காட்ட வேண்டும். வாசல் காப்பவன் மூக்கை வைத்துப் பார்த்து "சுத்தம்" என்றால் உள்ளே போகலாம். சொல்லாவிட்டால் வெளியேதான். எல்லோரும் உள்ளே போனதும் வளைவாய் ஈரமண்ணால் அடைக்கப்படும். மறுபடி திறப்பது பொழுது சாயும்போது. பகல் முழுக்கப் பூனை முற்றத்தில் படுத்திருக்கும். இதுவரை மூன்று பேர் அப்படி வெளியே நின்றுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

வாசல் காப்பவன் பெயர் நெடுமூக்கன். ஊறிய நெல்லையும் முளைவிட்ட நெல்லையும் பத்தடி தூரத்தில் பிரித்துச் சொல்லும் மூக்கு அவனுக்கு. எல்லோரையும் அவன் மோந்து பார்ப்பான். அவனை மோந்து பார்க்க ஆளில்லை. இந்த வேலையில் தனக்குப் பிடித்ததே அதுதானோ என்று எப்போதாவது அவனுக்குத் தோன்றும். அந்த நினைப்பை அவன் நீள விடமாட்டான்.

தினமும் பொழுது சாயும்போது, மற்றவர்கள் விழிப்பதற்குள், வளையின் மூலையில் சேர்த்து வைத்திருந்த அடுப்புச் சாம்பலில் புரண்டு விலாவில் அழுத்தித் தேய்த்துக்கொள்வான். அவன் அம்மா பழக்கிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லாதே" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

அவனுக்கு ஒரே மகள், சிறுகண்ணி. தாய் இல்லாத பிள்ளை. பால்குடி மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் பெரியவள் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வயது.

ஒருநாள் உமியாத்தாள் அவனை வழிமறித்தாள். வளையில் எல்லோருக்கும் அத்தை முறை. நாக்கு நெல்முனையைவிடக் கூர்.

"ஏன்டா நெடுமூக்கா, மூக்கு அடைச்சிருக்கா உனக்கு?"

"ஏன் அத்தை?"

"உள்ளே ஒரு நாத்தம். மூணு நாளா. எனக்குத் தலை சுத்துது, உனக்குத் தெரியலையாக்கும்."

நெடுமூக்கன் காற்றை இழுத்துப் பார்த்தான். மண் வாசம், தவிட்டு வாசம், எப்போதும் உள்ள வாசம். வேறு எதுவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அப்ப நான் பொய் சொல்றேன்? இங்க பாரு. யாருன்னு நீ கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா வாசலுக்கு வேற மூக்கைத் தேடிக்கிறோம்."

அன்றிலிருந்து நெடுமூக்கனுக்கு எல்லோருமே சந்தேகமாகத் தெரிந்தார்கள். இவன் ஏன் விலாவைக் காட்டத் தயங்குகிறான்? அவள் ஏன் இவ்வளவு வேகமாக உள்ளே ஓடுகிறாள்? இருமினால் சந்தேகம். இருமாமல் இருந்தால், ஏன் அடக்குகிறான் என்று சந்தேகம். பார்க்கப் பார்க்க, எல்லோருமே எதையோ மறைப்பது போலத்தான் இருந்தது. அது மட்டும் அவனுக்குப் பிசகாமல் தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

செத்துப்போன மனைவியின் தம்பி கோரையன் பத்து நாளைக்கு முன் ஆற்றங்கரையிலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருந்தான். வரும்போதே ஒரு கட்டு வெட்டிவேர் கொண்டுவந்தான். இரைதேடித் திரும்பும் வழியில் அவனும் சிறுகண்ணியும் கொஞ்ச நேரம் காணாமல் போவார்கள். நெடுமூக்கன் உள்ளே நுழைந்தால் இருவரின் பேச்சும் நின்றுவிடும்.

மகளும் முன்போல் இல்லை. அப்பாவின் முதுகில் ஏறித் தூங்கிய பிள்ளை, இப்போது சுவரோரம் தனியாகச் சுருண்டுகொள்கிறது. கிட்டே போனால் நகர்கிறது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"மாமா என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. விடுங்கப்பா, எப்பப் பாத்தாலும் கேள்வி."

அவளுடைய புல்படுக்கை தினமும் புதிதாக மாறியிருப்பதை அவன் கவனித்தான். பழைய புல் எங்கே போகிறது? கோரையன் அதை முதுகில் சுமந்துபோய் வெளியே கொட்டுவதை ஒருநாள் பார்த்தான். எதை அழிக்கிறான் இவன்? பிள்ளையை எதற்குப் பழக்குகிறான்? 

மறுநாள் விடியலில் வரிசை நின்றது. கோரையன் முன்னங்காலைத் தூக்கி விலாவைக் காட்டினான். வெட்டிவேர் வாசம் கமகமவென்று அடித்தது.

"மாப்ளே, இது என்ன?"

"வேர்தான் அத்தான். கூடவே வச்சிருக்கேன், ஒட்டிக்கிச்சு."

"மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு வாசனையோட திரியணும்?"

வரிசை முழுக்கக் காது விடைத்தது. பின்னால் நின்ற உமியாத்தாள், "அதானே!" என்றாள்.

கோரையன் நெடுமூக்கனைப் பார்த்தான். பிறகு ஏற்கெனவே உள்ளே போய் வாசலோரம் நின்ற சிறுகண்ணியைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கப் போனாள். அவன் மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"சரி அத்தான். நான்தான்னே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைக்கோல்போர்ப் பக்கமாகத் திரும்பி நடந்தான்.

ஈரமண்ணை வைத்து அடைத்தார்கள். கடைசி உருண்டையை வைத்தவன் நெடுமூக்கன்தான்.

உச்சிவேளையில் உமியாத்தாளின் குரல் வளை முழுக்கக் கேட்டது. "போனவன் போயிட்டான். நாத்தம் போகலையே! இப்ப என்ன சொல்றே நெடுமூக்கா?"

நெடுமூக்கன் தன் பொந்துக்குப் போனான். சிறுகண்ணி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா இல்லப்பா. நான்தான்."

"என்னது நீதான்?"

"நாத்தம். என்னோடது. கொஞ்ச நாளாவே வருது. வாங்க, மூக்கை வச்சுப் பாருங்க."

அவன் அவள் விலாவில் மூக்கை வைத்தான். எப்போதும் உள்ள வீட்டு வாசம்தான்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு மாமா சொன்னாரு. கூடவே இருந்து பழகின மூக்குக்கு எட்டாதாம். வாசல் மண்ணுல கொஞ்ச நேரம் மூக்கைப் புதைச்சிட்டு வந்து பாருங்க."

அவன் வளைவாய்க்குப் போய், அடைத்து வைத்த ஈரமண்ணில் மூக்கைப் புதைத்து நெடுநேரம் நின்றான். மண்ணுக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. திரும்பி வந்து பொந்தில் தலையை நுழைத்ததும் அது மூக்கில் அறைந்தது. புளித்த மோரும் பழைய விளக்கெண்ணெயும் சேர்ந்த நெடி.

முதலில் அவனுக்கு வந்தது இரக்கம் இல்லை. யாருக்காவது தெரிந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தான். அப்படிப் பார்த்த தன்னைப் பிற்பாடு அவன் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

அப்புறம்தான் அவள் விலாவைச் சரியாகப் பார்த்தான். முடி உதிர்ந்து, தோல் செக்கச்செவேலென்று உரிந்திருந்தது.

"இது என்ன புண்ணு?"

"உங்க சாம்பலை எடுத்துத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க எரிஞ்சுது. வேர்வையும் சாம்பலும் சேர்ந்து நாத்தம் இன்னும் கூடுச்சு. மாமாதான் பாத்துட்டு நிறுத்தச் சொன்னாரு. தினமும் வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. நல்லாக் கழுவணும், ஈரம் போகக் காயவைக்கணும், படுக்கைப் புல்லை அன்னன்னைக்கு மாத்தணும், அவ்வளவுதான்னாரு. அழுக்கு இல்லையாம் இது. உடம்பு வளருதாம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

சிறுகண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வாசல்ல நிக்கிறவரு. உங்ககிட்ட எப்படிப்பா சொல்ல?"

 நெடுமூக்கனுக்குத் தன் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. சாம்பலை அள்ளி அள்ளித் தேய்த்த கை. இதே வயதில். அவன் அழுதான், அவன் வாயை அவள் பொத்தினாள். இத்தனை காலம் பழக்கம் என்று நினைத்திருந்ததற்குக் கீழே இருந்தது இதுதானா? கழுத்தை வளைத்துத் தன் விலாவையே மோந்தான். சாம்பல்தான் வந்தது.

"கண்ணு, இந்தச் சாம்பலைக் கொஞ்சம் எடுத்துவிடுறியா? எனக்குக் கை எட்டலை."

குதிரின் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப்பானை கசிந்து வளைச்சுவர் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருக்கும். சிறுகண்ணி மாமா விட்டுப்போன வேரை அதில் நனைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் விலாவைத் துடைத்தாள். அடை அடையாகச் சாம்பல் பெயர்ந்தது. அவன் விலாவை வேரோடு சேர்த்து அழுத்தினான்.

"அழுத்தாதீங்கப்பா, சும்மா இருங்க. புண்ணாயிடும்" என்றாள்.

பொழுது சாய்ந்தது. மண்ணைப் பெயர்க்க எல்லோரும் வளைவாயில் கூடினார்கள். உமியாத்தாள் முன்னால் நின்றாள்.

"மண்ணைத் தொடாதீங்க. நாத்தம் உள்ளேதான் இருக்கு. இப்பவே வரிசையில நில்லுங்க, எல்லாரையும் பாத்துடலாம். உன் பொண்ணுலேருந்து ஆரம்பி நெடுமூக்கா. அவ மூஞ்சியே சரியில்லை."

சிறுகண்ணி முன்னங்காலைத் தூக்கப் போனாள். நெடுமூக்கன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். 

"பாக்க வேண்டாம் அத்தை. அந்த நாத்தம் என்னோடது. வாங்க, வந்து பாருங்க."

முன்னங்காலைத் தூக்கித் தன் விலாவைக் காட்டினான். உமியாத்தாள் ஓர் அடி எடுத்து வைத்தாள். மூக்கு துடித்தது. கண் விரிந்தது.

"அடப்பாவி! சாம்பல் பூசாமலா வந்து நிக்கிறே?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 

நெடுமூக்கன் மெதுவாகக் கேட்டான். "சாம்பல்னு நான் சொல்லவே இல்லையே அத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உமியாத்தாள் இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விலாவை மறைத்தான். ஒருத்தி மறைவாகச் சாம்பலைத் தட்டிவிட்டாள். பின்வரிசையில் யாரோ, "எங்க வீட்டுல உமிச்சாம்பல்" என்றார்கள். இன்னொரு குரல், "எங்களுக்குச் சாணிச்சாம்பல்தான் ஒத்துக்குது" என்றது. யாரோ சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை விழுங்கினார்கள்.

"அப்ப வெளியே அனுப்பின மூணு பேரு?" என்று கேட்டாள் சிறுகண்ணி.

உமியாத்தாள் வாசலை விட்டு விலகி நின்றாள்.

"மாமாவைத் தேடணும்ப்பா."

நெடுமூக்கன் மண்ணடைப்பை நெஞ்சால் முட்டி உடைத்தான். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கண் தெரியாமல் தடுமாறிய சிறுகண்ணி, அப்பாவின் வாலைப் பல்லால் மெல்லக் கவ்விக்கொண்டாள். அவள் வாலை இன்னொருவன் கவ்வினான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசியில், கொஞ்சம் யோசித்துவிட்டு, உமியாத்தாளும் ஒரு வாலைக் கவ்வினாள். சுவரோரமாக அந்த வரிசை வைக்கோல்போரை நோக்கி ஊர்ந்தது.

அங்கே பூனை படுத்திருந்தது. அதன் முன்னங்காலுக்கு அடியில் கோரையன். பாதி வாலைக் காணோம். மூச்சு மட்டும் இருந்தது.

"வாங்க வாங்க" என்றது பூனை. "காலையிலேயே பிடிச்சிட்டேன். மூணு தடவை வாயை வச்சேன். ஏதோ நெடி, குமட்டுது. மூஞ்சூறுக்கு நாத்தமே கிடையாதாமே? அப்ப இவன் யாரு, மூஞ்சூறுதானா? சந்தேகத்துலேயே பொழுது போயிடுச்சு."

சிறுகண்ணியின் பழைய புல்லைத் தினமும் சுமந்த முதுகு அது. அந்த நெடிதான் அவனைப் பகல் முழுக்கக் காப்பாற்றியிருக்கிறது.

"மூஞ்சூறுதான்" என்றான் நெடுமூக்கன், பூனையின் முகத்துக்கு நேரே போய் நின்று. "நாங்க எல்லாருமே இப்படித்தான்."

பின்னால் வந்தவர்கள் உடம்பைச் சிலிர்த்துச் சாம்பலை உதறினார்கள். பூனை மூக்கைச் சுளித்தது. ஒரு தும்மல், இரண்டு தும்மல்.

"ச்சீ! எல்லாருமேவா? இவ்வளவு நாளா என்னை ஏமாத்தியிருக்கீங்களே!" என்று காலை வைக்கோலில் துடைத்துக்கொண்டே போய்விட்டது.

சிறுகண்ணி மாமாவின் காயத்தை நக்கிக் கொடுத்தாள். நெடுமூக்கன் பக்கத்தில் வந்து நின்றான்.

"வீட்டுக்கு வா மாப்ளே."

கோரையன் தலையை ஆட்டினான். "பிள்ளையை அடிக்கடி ஆத்துக்கு அனுப்புங்க அத்தான். உங்க வாசல்ல நான் இனி நிக்க மாட்டேன்." பாதி வாலோடு ஆற்றங்கரைக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

நெடுமூக்கன் அதற்குப் பிறகு மகளோடு தினமும் வாய்க்காலுக்குப் போனான். கழுவிக்கொண்டு, உடம்பு காயக் காத்திருக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். வரிசையில் நின்றது வேறு யார் வீட்டுப் பிள்ளையாகவோ இருந்திருந்தால், அது என் நாற்றம் என்று சொல்லியிருப்பேனா? பதில் அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவும் இல்லை.

இன்றும் பூனை மூஞ்சூறைப் பிடித்தால் தின்னாமல் போட்டுவிட்டுப் போகிறது. இன்றும் மூஞ்சூறுக் குட்டிகள் வெளியே கிளம்பினால், தாயின் வாலை ஒன்று, அதன் வாலை இன்னொன்று என்று கவ்விக்கொண்டு, நெடியை மறைக்காமல் சுவரோரமாகப் போகின்றன. ஒரு குட்டியைக்கூட வெளியே விட்டு வாசலை அடைப்பதில்லை என்ற அந்த வழக்கம், நெடுமூக்கன் மண்ணை முட்டி உடைத்த அந்த அந்திப்பொழுதிலிருந்து வந்ததுதான்.