எப்பங்க தனுஷ்கோடி

"ஏனுங்க டீச்சர், நான் எப்பங்க தனுஷ்கோடி போறது?"

சடையப்பன் இதைக் கேட்காத நாள் இல்லை. திலகவதி டீச்சர் இதற்குப் பதில் சொன்ன நாளும் இல்லை.

தாராபுரத்தில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் நெல் களம்தான் அவர்களுடைய பள்ளிக்கூடம். டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதானவர்களுக்கு நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று அவருக்கு ஒரு கிறுக்கு. தை பிறந்ததும் எல்லோருமாகத் தனுஷ்கோடிக்குக் கிளம்புவார்கள். யார் யார் வருவது என்று முடிவு செய்வது டீச்சர்தான். அதில் மறுபேச்சு கிடையாது.

சடையப்பன் அரசு பஸ் ஓட்டியவர். டீச்சரைவிட ஆறேழு வயது மூத்தவர். ஓய்வு பெற்றபின் டீச்சரிடம் சைக்கிள் பழகி, கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் போகிறவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் பஸ் ஓட்டிய காலமெல்லாம் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. போன வருஷம் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து செயற்கை முட்டி வைத்தார்கள். போன தையில் மற்றவர்கள் தனுஷ்கோடி மணலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது இவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா இருப்பது என்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வெந்நீர் ஒரு காலில் மட்டும் கொட்டியது, அதுதான் வித்தியாசம்.

"டாக்டர் பார்த்துட்டாருங்க. நல்லா மடங்குது, நல்லா நீட்டுது. மாடிப்படி ஏறுறனுங்க. சைக்கிள் தாராளமா ஓட்டலாம்னு சொல்லிட்டாரு."

"டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காருங்ணா."

"அப்புறமென்னங்க?"

"களத்த ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

சுற்றினார். பஸ்ஸ்டாண்டுக்குள் பஸ்ஸை நுழைக்கிற அதே தோரணை. டீச்சர் முன்னால் நின்று பார்க்கவில்லை. பின்னாலேயே நடந்து போய் அவர் கால்களைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துவந்து வலது பெடலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகாத நல்ல காலின் பெடல் அது. இடது பாதத்தை இடது பெடலோடு சேர்த்து ஒரு பட்டையால் கட்டினார்.

"சீட்ட நான் பிடிச்சுக்கறேன். இப்ப ஒரு சுத்து."

சடையப்பன் இடது காலை அழுத்தினார். பெடல் கீழே வந்தது, நின்றது, மேலே போகவில்லை. மறுபடி அழுத்தினார். வண்டி முக்கி முனகி ஒரு முழம் நகர்ந்து சாய்ந்தது. டீச்சர் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"இதென்னங்க சர்க்கஸா? ஒத்தக் கால்ல யாருங்க ஓட்டுவாங்க?"

"நீங்கதானுங்ணா. ஆபரேஷன் ஆனதுல இருந்து ஒத்தக் கால்லதான் ஓட்டிட்டு இருக்கீங்க. வலது கால் ஓட்டுது. இடது கால் டிக்கெட் எடுக்காம கூடவே வருது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் கோதண்டம்தான். சடையப்பன் முறைத்தார். பிறகு தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். கிளட்சின் மேல் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற புது டிரைவர்களை அவர் திட்டாத திட்டு இல்லை. மிதிப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. இப்போது அவர் காலே அப்படித்தான் பெடலின் மேல் உட்கார்ந்திருந்தது.

காரணமும் அவருக்குத் தெரியும். பயம். அந்த முட்டிக்குள் இருப்பது தன்னுடையது இல்லை, அழுத்தி மிதித்தால் கழன்று கையோடு வந்துவிடும் என்ற பயம். அதை 'ஆஸ்பத்திரி முட்டி' என்றுதான் சொல்வார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். வேடிக்கை ஒன்றும் இல்லை.

"தினமும் இப்படி ஒரு சுத்து முயற்சி பண்ணுங்க. இந்தக் கால் தானா ஒரு சுத்து போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்னா எப்பங்க?"

டீச்சர் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார்.

அன்றிலிருந்து தினமும் களத்தில் அந்தக் கூத்து நடந்தது. பாதி வட்டம் போவார், நிற்பார். நாலடி போவார், நிற்பார். மார்கழியும் பிறந்துவிட்டது. மற்றவர்கள் புது டயர் மாற்றினார்கள், ராமநாதபுரத்தில் எங்கே சாப்பிடுவது என்று பேசினார்கள். கோதண்டம் தினமும் அவரைத் தாண்டிப் போகும்போது மணியடித்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் சடையப்பனின் முதுகைப் பார்த்தே ஓட்டிய மனிதர் அவர். சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

ஒரு நாள் விடிகிற நேரத்தில் டீச்சர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பழனிக்குக் கிளம்பினார்.

ஒரே மிதி. காற்று காதில் அடித்தது. லாரிகளைப் பார்த்துக் கையைக் காட்டினார். மலையடிவாரத்தில் நின்று முருகனை நோக்கி ஒரு கும்பிடு போட்டு, பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் திரும்பி நேராகக் களத்துக்கே வந்தார்.

"பிரசாதமுங்க டீச்சர்" என்று டப்பாவை நீட்டினார். "சைக்கிள்லயே போயிட்டு வந்தனுங்க."

டீச்சர் விரலால் எடுத்து ஒரு வாய் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மில் ஆபீஸ் வாசலில் இருந்த ஒற்றைப் படியைக் காட்டினார்.

"வலது கால வெச்சு இதுல ஏறுங்ணா."

"அது நல்ல காலுங்க. அதுக்கென்ன?"

"ஏறுங்க."

சடையப்பன் காலைத் தூக்கி வைத்தார். உடம்பைத் தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். பாதியிலேயே சுவரைப் பிடித்தார். டீச்சர் குனிந்து அந்த முட்டியில் கையை வைத்தார். வேட்டிக்கு மேலேயே சூடு தெரிந்தது. முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எந்தக் கால் பழனிக்குப் போச்சுங்ணா?"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"ஆமாங்க, இந்தக் கால்தான் போச்சு! வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எனக்கு அறுபத்தேழு முடியப்போகுது. இந்த முட்டியும் தேய ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. இன்னும் எத்தன தை எனக்கு மிச்சம் இருக்குதுன்னு நீங்க சொல்லுங்க பார்க்கலாம். இங்க களத்தச் சுத்திட்டு உட்கார எனக்கு நேரமில்லீங்க!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. பெரிய மனிதர் இப்படிக் கலங்குவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கோதண்டம்கூடத் தன் சைக்கிள் செயினைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

டீச்சர் எதிர்க் கடையில் ஐஸ் கட்டி வாங்கித் துண்டில் சுற்றி அவர் முட்டியில் வைத்தார். கரைந்து தண்ணீராக ஒழுகும்வரை தன் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

வீக்கம் வடியும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்றார். அந்த நாட்கள் சடையப்பன் வீட்டில் எல்லோருக்குமே சோதனைக் காலம். தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து மனைவி மயிலாத்தாளின் தலையைச் சுற்றவைத்தார்.

"அந்த டீச்சரம்மாகிட்டப் போய்க் கேட்டுட்டாச்சும் வாங்க" என்று அவளே விரட்டினாள்.

மறுபடி ஒற்றைப் பெடல். மறுபடி நாலடி, நிற்பது. ஒரு நாள் டீச்சர் சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சடையப்பன் கவனிக்கவில்லை. நெல் காயப்போடும் மேட்டைத் தாண்டும்போது வேறு வழியில்லாமல் இடது காலில் முழு பாரத்தையும் போட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். முட்டிக்குள் எதுவும் கழலவில்லை. பெடல் கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது. களம் ஒரு சுற்று சுற்றி முடிந்தது.

இறங்கி நின்று இடது முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம் வந்தால் மனிதர் கொஞ்ச நேரமாவது அதில் நிற்க வேண்டாமா?

"இப்பப் போலாமுங்களா தனுஷ்கோடி?"

டீச்சர் சிரித்துவிட்டார். "வாங்க. ஆனா நான் உங்களுக்குப் பின்னாலதான் வருவேன். இடது கால் எப்ப வேலைய நிறுத்துதோ அப்ப விசில் ஊதுவேன். ஊதுனா இறங்கி நின்னுரணும். சரீங்களா?"

"சரீங்க, சரீங்க!"

தை பிறந்தது. இருட்டு கலையும் நேரத்தில் கூட்டம் கிளம்பியது. முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. இடதும் வலதும் மாறி மாறி மிதித்தன. ஆனால் இரண்டு காலும் வேலை செய்தபோது சடையப்பனின் வேகம் பாதியாகிவிட்டது, ஏனென்றால் இடது காலுக்கு அவ்வளவுதான் பலம். முன்னால் போனவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். கோதண்டத்தின் முதுகு ஒரு வளைவில் மறைந்தது. சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. அவர் அறியாமலேயே வலது கால் அழுத்தியது.

விசில்.

இறங்கினார். நின்றார். தண்ணீர் குடித்தார். ஏறினார்.

ஒரு காய்கறி வேன் அவரைத் தாண்டியது. ஒரு மொபெட் தாண்டியது. பால் கேன் கட்டிய ஒரு சைக்கிளும் தாண்டியது. அவர் பஸ் ஓட்டிய காலத்தில் பின்னாலிருந்து எவனும் தாண்டியதில்லை. வலது கால் அழுத்தியது.

விசில்.

கள்ளிமந்தையத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது முறை விசில் கேட்டபோது சடையப்பன் சைக்கிளை ரோட்டோரம் கிடத்திவிட்டு எல்லைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் போனில் போட்டோ வந்தது. கோதண்டம் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் வடையோடு நின்றிருந்தார். எல்லோரும் பின்னால் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சடையப்பன் போனை அணைத்தார். மறுபடி திறந்து மறுபடி பார்த்தார்.

"இப்படி நின்னு நின்னு போனா நான் எங்கீங்க போய்ச் சேர்றது? என்னால உங்களுக்கும் கெட்டுப்போச்சு."

"எனக்கு ஒண்ணும் கெடல."

"வலது கால் இப்ப வலிக்கலீங்க. நெசமாத்தான் சொல்றேன். ஒரு மிதி மிதிச்சா திண்டுக்கல்லுக்குள்ள அவங்களப் பிடிச்சிருவேன்."

"தெரியும். பிடிச்சிருவீங்க."

டீச்சர் தன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். அதைச் சடையப்பனின் சட்டைப் பையில் போட்டார்.

"இனி நான் ஊத மாட்டேனுங்ணா. நீங்களாச்சு, உங்க காலாச்சு."

சடையப்பன் ரோட்டைப் பார்த்தார். ரோடு காலியாக, நேராக, ஒட்டன்சத்திரம் வரைக்கும் போட்டு வைத்த மாதிரி கிடந்தது. தடுப்பதற்கு ஆளில்லை. எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார். ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஆனால் ஏறவில்லை. டீச்சர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பார். டீச்சர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சர்." குரலில் பழைய அதட்டல் இல்லை. "ஒரே ஒரு தடவையாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க. நான் எப்பங்க தனுஷ்கோடி போய்ச் சேருவேன்?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒத்தக் கால்ல போனீங்கன்னா நாலே நாள்ல போயிருவீங்க. அதுதான் உங்க கடைசித் தனுஷ்கோடின்னும் இப்பவே சொல்லிரலாம். ரெண்டு கால்லயும் போனா எப்பப் போய்ச் சேருவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்ணா. எது கடைசின்னும் தெரியாது."

சடையப்பன் சைக்கிளில் ஏறி, முதல் மிதியை இடது காலால் மிதித்தார்.