குறுக்கே கிடந்த ஆவாரங்கிளை

"யார் மேலயும் நம்பிக்கை வரமாட்டேங்குது சாமி" என்றார் ஏட்டு வையாபுரி.

ஆசான் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என் மேல?"

"உங்க மேலயும்தான்."

"பொய் சொல்லலை. நல்லது."

ஏட்டு போலீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். வேட்டியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு நாயுருவி முள்ளை வைத்து ஆட்டுத் திருடனைப் பிடித்ததாக அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்றதும் மனைவி பிறந்த ஊரான வேடர்பள்ளத்துக்குக் குடிவந்தார். அங்கே திருட்டும் இல்லை, அடிதடியும் இல்லை. மலை, ஓடை, பழைய கற்கள், இருபது வீடு. பாவம், அவர் சந்தேகத்துக்குத் தீனியாக இருந்தவள் மனைவி இருசாயி ஒருத்திதான்.

பால்காரரிடம் ஏன் சிரித்தாய்? ஃபோனில் யார்? சாவி ஏன் இடம் மாறியிருக்கிறது?

இருசாயி பல வருடம் பதில் சொன்னாள். போன மாதம் நிறுத்திவிட்டாள்.

"புரட்டாசி முடியறதுக்குள்ள உங்க சந்தேகம் வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா நான் போயிடுவேன், மக வீட்டுக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஏட்டு, ஊரே புத்தி கேட்கப் போகும் ஆசானிடம் வர ஆரம்பித்தார். ஆசான் அவரைவிட இருபது வயது இளையவர். முன்பு லாரி ஓட்டியவர். அது வேறு ஏட்டுவுக்கு உறுத்தல். லாரிக்காரர்களை அவர் அறியாதவரா?

"வழி சொல்லுங்க சாமி. புரட்டாசியில இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அவ பெட்டியைக் கட்டிட்டா."

ஆசான் ஊசியை நிறுத்தினார்.

"நாளைக்குக் காலையில மலைக்குப் போறேன். பாண்டவர் வீடு வரைக்கும்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

அவ்வளவுதான். 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டு ஏட்டு என்றைக்கு வீட்டில் இருந்திருக்கிறார்?



காலையில் ஆசான் தோளில் ஒரு கோணிப்பையோடு கிளம்பினார். போகும்போது பை காலியாக இருக்கும், திரும்பும்போது கனமாக வரும். இதை ஏட்டு ஏற்கெனவே இரண்டு முறை கவனித்திருந்தார். மலையடி நடுகல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குழி இருந்ததையும் கவனித்திருந்தார். கேட்டதற்கு, "காட்டுப்பன்னி, கிழங்குக்குத் தோண்டியிருக்கு" என்று ஆசான் சொல்லியிருந்தார்.

பன்றிமேல் பழி போடுகிற ஆளை எப்படி நம்புவது? பன்றி வந்து சாட்சி சொல்லுமா?

புதையல்தான். ஏட்டுவுக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி. சாப்பிடக்கூட இல்லை. இருசாயியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கூப்பிடு தூரம் விட்டுப் பின்தொடர்ந்தார்.

நடுகல் அருகே வழி இரண்டாகப் பிரிந்தது. கல்லில் வில்லேந்திய வீரனும் அவன் நாயும் நின்றார்கள். இடப்பக்க வழியின் குறுக்கே பூவும் இலையுமாக ஓர் ஆவாரங்கிளை கிடந்தது. இப்போதுதான் ஒடித்தது.

கூட்டாளிக்கு அடையாளம் வைத்திருக்கிறான் என்று நினைத்தார் ஏட்டு. புழுதியில் காலடி வலப்பக்கம் போயிருந்தது. அவரும் வலப்பக்கம் போனார்.

இடிந்த கோட்டை மதிலருகே மறுபடி இரண்டு வழி. மறுபடி இடப்பக்கம் கிளை. காலடி வலப்பக்கம்.

மூன்றாவது பிரிவு சுனையருகில். அங்கே தரை முழுக்கப் பாறை, காலடி பதியாது. கிளை மட்டும் இடப்பக்க வழியை மறித்துக் கிடந்தது.

ஏட்டு இடுப்பில் கைவைத்து நின்று யோசித்தார். ஒருத்தன் இரண்டு தரம் உண்மை சொல்வதே மூன்றாவது தரம் பொய் சொல்லத்தான். எத்தனை பேரை விசாரித்திருக்கிறார்!

"என்கிட்டயேவா?" என்று சொல்லிக் கிளையை எட்டி உதைத்தார். அது சுனைக்குள் போய் விழுந்தது.

இடப்பக்க வழி நூறடி நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு வளைவு. அதற்கப்பால் வழியே இல்லை. சரளைச் சரிவு, கீழே பள்ளம். ஏட்டுவின் கால் வழுக்கியது. ஒரு காரைப்புதரைப் பிடித்துத் தவழ்ந்து மேலே வந்தார். முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ஆசானைத் திட்டிக்கொண்டே வலப்பக்க வழியில் ஏறினார்.



உச்சியில் பாண்டவர் வீடுகள் நின்றன. ஒவ்வொன்றும் நான்கு பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். தவழ்ந்துதான் நுழைய முடியும். பாண்டவர்கள் அவ்வளவு குள்ளமா என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

ஒன்றின் நிழலில் ஆசான் உட்கார்ந்திருந்தார். பை நிறைந்திருந்தது.

"பையைத் திறங்க."

திறந்தார். சீத்தாப்பழம்.

"அடியில?"

கவிழ்த்துக் கொட்டினார். அடியிலும் சீத்தாப்பழம்.

"இதுக்கு எதுக்கு சாமி ரகசியம்?"

"மரம் எங்க இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா எனக்கு மிஞ்சுமா?" ஆசான் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "உக்காருங்க. அவங்களும் வந்துடட்டும்."

"எவங்க?"

"மேல ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நீங்க வந்தீங்க. உங்களுக்குப் பின்னால ஒரு கத்தரிப்பூக் கலர் சேலை வந்துச்சு."

இருசாயியின் சேலை.

"வேவு பார்க்கிறாளா? என்னையா?"

ஆசான் கொட்டையைத் துப்பினார். எழுந்து பாறை விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தார்.

"இந்நேரம் வந்திருக்கணுமே" என்றார். "மூணு இடத்துலயும் தப்பு வழியை மறிச்சுக் கிளை போட்டுட்டுத்தானே வந்தேன்."

"யாருக்குப் போட்டீங்க?"

"பின்னால வர்றவங்களுக்கு. இந்த மலையில முன்னால போறவங்க போட்டுட்டுப் போறதுதான். நீங்க அசலூரு. அவங்க இங்க பொறந்தவங்க, பார்த்ததும் தெரிஞ்சிருக்கும்."

ஏட்டுவின் முழங்கை எரிந்தது.

"சுனைகிட்ட கிளை கிடந்துச்சில்ல, ஏட்டையா?"

ஏட்டு வந்த வழியே ஓடினார்.



அவர் பிடித்த அதே காரைப்புதரைப் பிடித்துக்கொண்டு இருசாயி சரிவில் கிடந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. புதரின் வேர் பாதி வெளியே வந்துவிட்டது.

ஏட்டு குப்புறப் படுத்தார். தோள்துண்டை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கீழே இறங்க வேண்டும், இறங்கினால் அவரே சரிந்துவிடுவார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் கணுக்கால்களைப் பிடித்தன.

"இறங்குங்க" என்றார் ஆசான்.

ஏட்டு ஒரு கணம் தயங்கினார்.

"விட்டுடாதீங்க சாமி."

"விடமாட்டேன்."

தலைகீழாகச் சரிவில் இறங்கினார். துண்டு எட்டியது. இருசாயி அதைக் கையில் சுற்றிக்கொண்டாள். பொடிக்கல் சரசரவென்று பள்ளத்தில் கொட்டியது. ஆசான் இழுத்தார்.

சுனையருகே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இருசாயியின் கணுக்கால் வீங்கியிருந்தது. ஏட்டு துண்டை நனைத்து அதில் சுற்றினார். ஆனாலும் பழக்கம் யாரை விட்டது?

"என் பின்னால எதுக்கு வந்தே?"

இருசாயி மடியை அவிழ்த்தாள். நசுங்கிப்போன இட்லிப் பொட்டலம். சர்க்கரை மாத்திரை அட்டை.

"ரெண்டும் இல்லாம கிளம்பிட்டீங்க. வெறும் வயித்தோட எங்கயாவது மயங்கி விழுந்தா, இந்த மலையில யாரு தூக்கறது?"

ஏட்டுவுக்கு, இவளையா தினமும் குடைந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"மொத ரெண்டு இடத்துலயும் ஆவாரங்கிளை கிடந்துச்சு" என்றாள் இருசாயி. "யாரோ புண்ணியவான் போட்டிருக்கான்னு நெனச்சுட்டே வந்தேன். சுனைகிட்ட மட்டும் இல்ல. சரி, கிளை இல்லேன்னா எந்த வழியில போனாலும் போய்ச் சேரலாம்னு இடப்பக்கம் திரும்பிட்டேன். எந்தப் படுபாவி எடுத்தானோ! நீங்கதான் போலீசாச்சே, கண்டுபிடிங்க."

ஆசான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுனையில் குனிந்து தண்ணீர் குடித்தார்.

ஏட்டு தன் காலைப் பார்த்தார். வலது செருப்பு வாருக்கடியில் ஒரு மஞ்சள் பூ நசுங்கி ஒட்டியிருந்தது.

குனிந்து அதை எடுத்தார். மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆள் கிடைச்சாச்சு" என்றார்.

இருசாயி பூவைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"மொதல்ல மாத்திரையைப் போடுங்க" என்றாள்.