யார் ராசியில் உடைந்தது அம்மி?

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே தேன்வயல் நாடு என்று ஒரு நாடு. அதைக் கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. காலையில் தலையை வாங்குவேன் என்பார். மத்தியானம் அப்பளம் நன்றாகப் பொரிந்திருந்தால், போகட்டும் விடு என்பார். அவர் பேச்சை நம்புவதும் ஐப்பசி வெயிலை நம்பி வடகம் காயப்போடுவதும் ஒன்றுதான்.

அந்த நாட்டில் அம்மி என்றால் அரண்மனைப் பட்டறை அம்மி. பட்டறைக்கு அதிகாரி தாண்டவராயர். ஒரு அம்மியை வாங்கிப் பேரன் பேத்தி காலம் வரைக்கும் அரைக்கிறார்களே, அப்புறம் பட்டறைக்கு ஏது வேலை, மந்திரி அம்பலவாணர் மாதிரி நமக்கு எப்போது பேர் வருவது என்று அவருக்கு ஒரே பொருமல். என்ன செய்தார் தெரியுமா? அம்மியின் அடிப்பக்கத்தைக் குடைந்து, சுண்ணாம்பை அடைத்து, மேலே கல்பொடி பூசச் சொன்னார். பார்த்தால் ஜோரான அம்மி. ஒரு வருஷம் அரைத்தால் படக்கென்று இரண்டாகும். திரும்பவும் பட்டறை வாசலில் கூட்டம்! கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போன ராஜா, தாண்டவராயருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

தாண்டவராயர், பாவி மனுஷன், ஒன்றை யோசிக்கவில்லை. கல்யாணத்தில் பெண் எந்த அம்மியை மிதிக்கிறாளோ, அந்த அம்மிதான் அவளோடு புகுந்த வீட்டுக்குப் போகும். அது அந்த நாட்டு வழக்கம். அது உடைந்தால் கல்லையா திட்டுவார்கள்? வந்தவளைத்தான் திட்டுவார்கள்.

ஒருநாள் சபைக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். பாதி அம்மி அவள் தலையில், மீதிப் பாதி அவன் தோளில்.

"யாரம்மா நீ? என்ன இது?" என்றார் ராஜா.

"என் பேரு பூவாயிங்க மகாராஜா. இவரு என் வீட்டுக்காரரு, மாரப்பன். கல்யாணத்துல நான் மிதிச்ச அம்மிங்க இது. வருஷம் திரும்பறதுக்குள்ள உடைஞ்சு போச்சு. ராசி கெட்டவள்னு அத்தை என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

மாரப்பன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு வேற பொண்ணைப் பரிசம் போடப் போறாங்க சாமி. எனக்கு இவதான் வேணும். அம்மாவையும் விட முடியல."

"சரி, நான் என்ன செய்யவேண்டும் என்கிறாய்?"

"என் மேல தப்பில்லேன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதுங்க" என்றாள் பூவாயி.

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "பிரபு! பட்டறைக் கல்லில் ஒரு குறையும் கிடையாது. கல் எங்கேயாவது தானாக உடையுமா? எல்லாம் இவள் ராசி!"

ராஜாவுக்கு அன்றைக்குக் காலை எழுந்ததிலிருந்தே சிடுசிடுப்பு. "அதேதான்! ராசியில்லாத பெண். போகச் சொல்லுங்கள்" என்றுவிட்டார்.

பூவாயி குனிந்து கல்லைத் தூக்கப் போனாள். மந்திரி அம்பலவாணர் இறங்கி வந்து கை கொடுத்தார். உடைந்த இடத்தில் விரல் பட்டது. எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு! மந்திரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் ராஜா சபையில் ஒரு வார்த்தை சொன்ன பிறகு அதை மறுத்துப் பேசினால் இன்னும் முறுக்கிக்கொள்வார். "கொஞ்சம் இரும்மா" என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ராஜா பக்கம் திரும்பினார்.

"மகாராஜா, அடுத்த வாரம் நம் இளவரசி செங்கமலத்துக்குக் கல்யாணமாயிற்றே. மிதிப்பதற்கு அம்மி வேண்டாமா? பட்டறை வாசலில் அடுக்கியிருப்பதில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்களேன்."

"ஐயையோ! இளவரசிக்குப் போய்க் கடைக் கல்லா? நானே தனியாகச் செதுக்கித் தருகிறேன்" என்றார் தாண்டவராயர்.

"ஏனய்யா, கடைக் கல்லில் ஏதாவது குறையா?"

"குறை... குறையெல்லாம் ஒன்றுமில்லை."

"அப்புறம் என்ன? கல் நல்ல கல். உடைந்தால் பெண்ணின் ராசி. மகாராஜாவே இப்போது சொன்னாரே!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்ன வாய் சொன்னதுதானே. கல் வந்தது. மிதித்துப் பார்க்க இளவரசியும் வந்தாள். சின்ன வயதில் தாண்டவராயர் தோளில் ஏறித் தேர் பார்த்த பெண் அவள்.

"மாமா, உங்க பட்டறைக் கல்லா? அப்போ எனக்குப் பயமே இல்லை" என்று சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினாள்.

தாண்டவராயர் தடாலென்று விழுந்து கல்லின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். "வேண்டாம் கண்ணு! கால் வைக்காதே! ஒரு வருஷத்தில் உடைந்துவிடும். உன்னை யாராவது ஒரு சொல் சொன்னால் நான் தாங்கமாட்டேன்!"



"பூவாயியையும் யாரோ தோளில் வைத்துத் தேர் காட்டியிருப்பார்கள் தாண்டவராயரே" என்றார் மந்திரி. பிறகு கல்லைப் புரட்டி, ஒரு ஆணியால் சுரண்டினார். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது.

"இந்த ஆளின் தலையை..." என்று எழுந்த ராஜா, பூவாயியைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானும்தானே சொன்னேன்" என்றார்.

தண்டனை என்ன தெரியுமா? அம்மி உடைந்த வீட்டுக்கெல்லாம் தாண்டவராயர் நல்ல கல்லாகத் தன் தலையிலேயே சுமந்து போகவேண்டும். உடைத்தது உங்கள் மருமகள் இல்லை, நான்தான் என்று தெரு கேட்கச் சொல்லவேண்டும்.

மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். "மாலை எதற்கு மகாராஜா? முதல் வீட்டுக்கு நீங்களும் வாருங்கள். நீங்கள் சொன்ன சொல்லை நீங்கள்தான் திருப்பி எடுக்கமுடியும்" என்றார் அம்பலவாணர்.

மாரப்பன் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. கழுத்து ஒடியச் சுமந்து வந்த கல்லை இறக்கிய தாண்டவராயர், சொல்லவேண்டியதைச் சொன்னார். கூடவே நடந்து வந்த ராஜாவும் மூச்சு வாங்க, "இந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லையம்மா. நான் சொன்னதுதான் தப்பு" என்றார்.

மாரப்பனின் அம்மா கல்லைப் பார்த்தாள். ராஜாவைப் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால், காலெல்லாம் புழுதியாக நின்றவளிடம் நேரே போனாள்.

"வெயில்ல நிக்கறியேடி. சாப்பிட்டியா?"

"இல்லத்தை" என்று சொல்வதற்குள் பூவாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மாரப்பன் தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே ஓடினான். வாசலில் நின்ற ராஜாவை உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் அன்றைக்கு அது குறையாகத் தெரியவில்லை.