ஈரம் காயாத நீர்க்காகம்

அல்லிக்குளத்துப் பள்ளியில் அஞ்சனி என்றொரு இளம் நீர்க்காகம் படித்து வந்தாள். காலையில் குளத்தின் மேல் பனி பாலாடை மாதிரி படிந்திருக்கும். அதற்குள் முங்கி ஒரு கெண்டைக்குஞ்சு பிடிக்க வேண்டும். பேர் கூப்பிட்டால், "உள்ளேன் ஐயா!" என்று தலையை நீட்ட வேண்டும். சின்னப் பறவைகளுக்கு அவ்வளவுதான் படிப்பு.

குளத்துக்கு அப்பால் பெரிய ஏரி. அங்கே நடப்பது பெரிய படிப்பு. அடுத்த மழைக்குப் பிறகுதான் அதற்குப் போவது வழக்கம். இந்த வருஷம் ஏரி வாத்தியார் கூழைக்கடா குளத்துக்கே வந்து ஒரு சேதி சொன்னார்.

"ஆழ முங்குதல், கூட்டு வேட்டை, எதிர்நீச்சல்! பிரியப்பட்டவர்கள் இதையெல்லாம் இப்போதே படிக்கலாம். முடித்துவிட்டால் மழைக்குப் பிறகு பெரிய படிப்புக்கு வரும்போது மறுபடி படிக்க வேண்டாம். கட்டாயம் ஒன்றும் இல்லை!"

கட்டாயம் இல்லை என்று சொன்னால் யார் காதில் விழுகிறது? குளக்கரையே பரபரத்தது.

அஞ்சனிக்கு ஆழ முங்குதல் மேல் கொள்ளை ஆசை. ஏரியின் அடியில் பச்சை வெளிச்சம் இருக்குமாம். சத்தமே இருக்காதாம். பாசிக்கொடிகள் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டே இருக்குமாம். வகுப்பில் இருக்கும்போதே அதை நினைத்து நினைத்துக் கனவு காண்பாள்.

"அம்மா, நான் அது ஒண்ணு மட்டும் எடுத்துக்கறேன்மா."

"ஒண்ணா? பக்கத்து நாணல்ல முக்குளிப்பான் பையன் இருக்கானே, சொட்டு, அவன் மூணும் எடுத்திருக்கான்! நீ அவனுக்கு என்ன குறைச்சல்? மூணும் எடு!"

முக்குளிப்பான் இறகில் தண்ணீர் ஒட்டாது. எத்தனை தரம் முங்கினாலும் ஒரு உதறு உதறினால் போதும். நீர்க்காகத்தின் இறகு அப்படியா? ஊறிப்போகும். ஊறுவதால்தான் சரசரவென்று ஆழத்துக்கு இறங்க முடிகிறது. ஆனால் மேலே வந்ததும் கிளையில் இறக்கையை விரித்து வெயிலில் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பறக்க முடியாது. அம்மாவும் தினமும் காய வைக்கிறவள்தான். மகள் விஷயத்தில் மட்டும் அது சுத்தமாக மறந்துபோச்சு!

வகுப்புகள் ஆரம்பித்தன. காலையில் குளம். உச்சி வேளையில் ஏரிக்குப் போய் ஆழ முங்குதல். அது முடிந்ததும் கூட்டு வேட்டை, அதன் பின்னாலேயே எதிர்நீச்சல். அஞ்சனி கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரிப்பாள். உடனே அடுத்த வகுப்புக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஈரம் காயவே இல்லை. எந்நேரமும் தூக்கக் கலக்கம். ஆசைப்பட்ட அந்தப் பச்சை வெளிச்சத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. பாவம் பிள்ளை!

ஒரு சாயங்காலம் எதிர்நீச்சல் முடிந்தது. ஏரி பொன்னாக மினுங்கியது. சொட்டு நீந்தியே வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். அஞ்சனியும் இறக்கையை அடித்தாள். எழும்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். ம்ஹூம்! சொட்டு மாதிரி வீடு வரைக்கும் நீந்திப் போகவும் தெம்பில்லை.

பக்கத்தில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. கட்டை மெதுவாகப் பேசியது.

"களைச்சுப் போயிட்டியா கண்ணு? என் முதுகுல ஏறிப் படுத்துக்கோ. இறக்கையைக் காய வெச்சுக்கோ. நான் கரையில கொண்டு விடறேன்!"

குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. அஞ்சனிக்குக் கண் சொக்கியது. ஒரு காலை எடுத்து வைத்தேவிட்டாள். அப்போது கட்டையில் இரண்டு கண்கள் திறந்தன. முதலை!

"ஐயோ!"

பறக்க வழியில்லை. அஞ்சனி தலைகீழாக முங்கினாள். முதலையின் வாய் அவளுக்கு மேலே டப்பென்று மூடியது. ஊறிய இறகு அவளைக் கீழே கீழே இறக்கியது.

அங்கே இருந்தது பச்சை வெளிச்சம். சத்தமே இல்லை. பாசிக்கொடிகள் மெல்ல ஆடின. அத்தனை பயத்திலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தரையை ஒட்டியே நீந்தி, கரையோரக் கருவேல மரத்தடியில் தலையை நீட்டி, தத்தித் தத்தி மேலே ஏறினாள்.

தேடிக்கொண்டு வந்த அம்மா நடந்ததைக் கேட்டு அழுதுவிட்டாள். "அந்தப் பெரிய படிப்பே வேண்டாம்டி! எல்லாத்தையும் விட்டுடு!"

"எல்லாத்தையும் விட மாட்டேன்மா! ஆழ முங்குதல் எனக்குப் பிடிச்சிருக்கு. நல்லாவும் வருது. மத்த ரெண்டையும் அடுத்த மழைக்கு அப்புறம் படிச்சுக்கறேன்."

"சொட்டு மூணும் முடிச்சிடுவானே..." என்று இழுத்தாள் அம்மா. பழக்கம் லேசில் போகுமா?

"முடிக்கட்டுமே! அவன் உதறினா காஞ்சிடும். நான் வெயில்ல உட்காரணும். நீயும் உட்காரத்தானேம்மா செய்யறே!"

அம்மா மகளின் நனைந்த இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். 

மறுநாள் அஞ்சனி ஆழ முங்கிவிட்டு வந்து கிளையில் இறக்கையை விரித்தாள். வெயில் இதமாக இறகுக்குள் இறங்கியது. பாதிக் கனவில் இருந்தாள்.

"அஞ்சனி! கூட்டு வேட்டைக்கு நேரமாச்சு!" என்று கூழைக்கடா குரல் கொடுத்தார்.

"அவ வர மாட்டா வாத்தியாரே!" என்று அம்மாவே பதில் சொன்னாள். "என் பொண்ணுக்கு இறக்கை காயணும்!"

பெரிய படிப்பை முன்கூட்டியே படிப்பது நல்லதுதான். ஆனால் எவ்வளவு படிப்பது என்பதை அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யாமல், தன் ஆசையையும் தன் தெம்பையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.