மறுத்தவன் செய்த தளம்

செருப்பைக்கூடக் கழற்றாமல் கனகரத்தினம் சங்க அறைக்குள் வந்தார். முகம் கறுத்திருந்தது.

“டீச்சர், அந்தத் தளத்தை இண்டைக்கே மூடுங்கோ.”

செல்வமலர் அவரைவிட மிகவும் இளையவள். ஆனாலும் அறுபது தாண்டிய பிறகு அவளிடம்தான் அவர் கணினி படித்தார். போரின் முடிவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைச் சங்கத்தில் சேர்ந்திருந்த உறவினர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் வலைத்தளத்தில் போட்டுவந்தார்கள். காரணம் சொல்லாமல் அது அவர்களின் கணக்கை முடக்கியது. அப்போது, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு மென்பொருளை இறக்கி, சங்கக் கணினியிலேயே சொந்தமாக ஒரு தளம் அமைத்தவள் அவள். அதில் முதல் படத்தை ஏற்றியவர் கனகரத்தினம். அவர் மகன் நிலவனின் படம். இராணுவத்திடம் சரணடையப் போய்த் திரும்பாதவன்.

“என்ன நடந்தது ஐயா?”

“இந்த மென்பொருளை எழுதினவன் ஆரெண்டு தெரியுமா? எங்கேயோ வெளிநாட்டிலை இருந்துகொண்டு எழுதியிருக்கிறான். இஞ்சை ஒருத்தரும் காணாமல் போகேல்லையாம். எல்லாம் கட்டுக்கதையாம். அரசாங்கம் செய்தது சரியாம்.”

“தெரியும்.”

கனகரத்தினம் மேசையில் ஓங்கி அடித்தார்.

“தெரிஞ்சுகொண்டே என்ரை பிள்ளையின்ரை படத்தைக் கொண்டுபோய் அவன்ரை சுவரிலை மாட்டினீங்கள்?”

செல்வமலர் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு விட்டாள். தளத்தை முழுதாக நீக்கும் பொத்தானைத் திரையில் காட்டினாள்.

“அழியுங்கோ.”

அவர் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் புதிய படமொன்று வந்தது. முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் போட்டிருந்தாள். மகளின் பள்ளிக்கூடப் படம். ‘இவளை எங்கையாவது கண்டனீங்களா?’

அவர் கையை எடுத்தார். ஆத்திரம் மட்டும் போகவில்லை.

“அவனை நான் மன்னிக்க மாட்டன்.”

“மன்னிக்கச் சொல்லி ஆர் சொன்னது? எனக்கும் அவனை நினைச்சால் பத்தியெரியுது. அவன் சொன்னதை இஞ்சையே போடுங்கோ. அதுக்குக் கீழை நீங்கள் கண்டதை எழுதுங்கோ.”

எழுதினார். ஒவ்வோர் எழுத்தையும் குத்திக் குத்தி எழுதினார். மகன் போட்டிருந்த சட்டையின் நிறம். அவனை ஏற்றிய பேருந்து. கூட்டிப்போன அதிகாரியின் பெயர். கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தார். அவள் அதைத் திருத்தவில்லை.

பதிவு ஏறியதும் அவருக்குப் பயம் வந்தது.

“இதைப் பார்த்தால் அவன் அழிச்சுப்போடுவானே டீச்சர்?”

“அவனாலை ஏலாது ஐயா,” என்றாள் செல்வமலர். “தளத்தை வைச்சிருக்கிறவையைத் தவிர ஒருத்தரும் அதிலை கை வைக்கேலாது. அப்பிடித்தான் அவனே இந்த மென்பொருளை எழுதி வைச்சிருக்கிறான்.”