மின்னலை வால்ல வாங்கினவ

மரமும் மின்னலும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, உலகத்துல எதுவுமே ரெண்டாப் பிரியாது. பிரியுறதுன்னு ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாது. ஆறு மலையில கிளம்புனா கடல் வரைக்கும் ஒரே ஆறுதான். பாதைன்னா ஒத்தைப் பாதை, போனவன் அதுலயே திரும்பி வரணும். பாம்புக்கு நாக்கு ஒத்தை. மரமெல்லாம் நட்டுவச்ச கம்பு மாதிரி நேரா மேல போயி, உச்சியில மட்டும் ஒரு கொத்து இலை வச்சிருக்கும். பனை மட்டுமில்ல, வேம்பு, புளி, ஆலு எல்லாம் அப்படித்தான்.

கேக்க அழகாத்தான் இருக்கும். அழகுன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. கவட்டையே இல்லாத மரத்துல ஒரு குருவி எங்க கூடு வைக்கும்? யாராவது யோசிச்சாங்களா? ஒருத்தரும் யோசிக்கல. பறவையெல்லாம் தரையிலதான் முட்டை வச்சுது. பாம்பு வந்து முழுங்கிட்டுப் போச்சு. "அப்படித்தான் இருக்கும், என்ன பண்ண?"ன்னு சொல்லிட்டு அதே மணல்ல மறுபடியும் முட்டை வச்சுதுங்க.

ஒருத்தி மட்டும் ஒத்துக்கல. தவிட்டு நிறம், ஒரு பிடி உடம்பு, வாலு மட்டும் விசிறி மாதிரி அகலம். அவளுக்குப் பேருகூடக் கிடையாது, வெறும் குருவி. ரெண்டு தடவை முட்டையைப் பாம்புகிட்டப் பறிகொடுத்தவ. மூணாவது தடவை முட்டை வைக்கிற நேரம் வந்ததும் நேரா பனைகிட்டப் போனா.

"அண்ணாச்சி, உங்க தலையில ஓரமா கொஞ்சம் இடம் குடுங்க. குஞ்சு பறக்குற வரைக்கும்தான்."

பனை குனிஞ்சுகூடப் பாக்கல. "உன் குப்பையைச் சுமக்கவா நான் இம்புட்டு உசரம் வளந்தேன்?"

"வளந்து என்னத்தக் கிழிச்சீங்க? உங்க நிழல்ல ரெண்டு எறும்பு சேந்தாப்புல படுக்க முடியுமா?"

"வாயி ரொம்ப நீளுது உனக்கு."

"வாலும் நீளம்தான், பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு, அதை விரிச்சுக் காட்டிட்டே பறந்தா.

அடுத்து வேம்புகிட்டப் போனா. வேம்பு உடனே தலையாட்டுச்சு. "வா தாயி, வந்து உக்காரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கோடைமழை வர்ற மாசம். மின்னல் இறங்குனா உச்சியிலேர்ந்து வேர் வரைக்கும் ஒரே கோடா இறங்கும். போன வருசம் எங்க அக்கா மேல இறங்குச்சு. அந்த எடத்துல இப்பச் சாம்பல்தான் கெடக்கு. அது வந்தா முட்டையும் போயிடும், நீயும் போயிடுவ."

"நீங்க?"

"நானுந்தான். எனக்கு என்ன, ஓடத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். ஆனா ஓடமாட்டேன்க்கா."

வேம்போட உச்சிக் கொத்துல புல்லை வளைச்சு வச்சு, சிலந்தி நூலால சுத்திக் கட்டி, மூணு முட்டை வச்சா. பதினாலாவது நாள் மத்தியானம் முட்டைக்குள்ள 'டொக்கு டொக்கு'ன்னு சத்தம். உள்ளயிருந்து தட்டுறாங்க! அந்த நேரம் பாத்து வெயில் செத்துப்போச்சு. மேகம் கூடி வானம் தாழ இறங்கிருச்சு.

அப்பல்லாம் மின்னலும் ஒத்தைதான். வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல இழுத்துக் கட்டுன வெள்ளைக் கயிறு மாதிரி வரும். மேகத்துக்குள்ளயிருந்து அது கேட்டுச்சு: "யாரு அது, என் வழியில?"

"உன் வழின்னு யாரு எழுதிக் குடுத்தா?"ன்னா குருவி.

"தள்ளிக்கோ. எரிஞ்சு போவ."

"எம் முட்டை தள்ளுமா? கேளு. உள்ள தட்டுற சத்தம் கேக்குதா இல்லையா?"

இடி அடங்குச்சு. காத்து நின்னுச்சு. அம்மாம்பெரிய வானம் அந்தச் சின்னச் சத்தத்துக்குக் காது குடுத்துச்சு.

"கேக்குது"ன்னுச்சு மின்னல். குரல் மாறியிருந்துச்சு. "ஆனா நான் கிளம்பிட்டேனே. எனக்கு நிக்கத் தெரியாது, விலகத் தெரியாது. என்னை விலக்க இந்த உலகத்துல ஒண்ணும் கெடையாது."

"இருக்கு"ன்னா.

சொன்னவ மேல பறந்தா. கூட்டுக்கு நேரா மேல போயி, மின்னலுக்கு முதுகைக் காட்டி, வாலை அகலமா விரிச்சா. பயந்து முதுகு காட்டல. கடைசி வரைக்கும் கண்ணு முட்டை மேல இருக்கணும்னு காட்டுனா.

மின்னல் அவ வாலுக்கு நட்டநடுவுல விழுந்துச்சு.

நடு இறகு பொசுங்குச்சு. உடம்பு நிலக்கரியாக் கறுத்துச்சு. ஆனா அவ விலகல. அவ விலகாததுனால, பிறந்ததுலேர்ந்து எதுக்கும் விலகாத அந்த வெள்ளைக் கயிறு ரெண்டாப் பிரிஞ்சுச்சு! ஒண்ணு வேம்புக்கு வலப்பக்கம் போச்சு, இன்னொண்ணு இடப்பக்கம். ரெண்டு வெளிச்சமும் ரெண்டு பக்கம் இழுக்க, வேம்பு பாதி உசரத்துலேர்ந்து ரெண்டு கையா விரிஞ்சுச்சு. உச்சியிலேர்ந்து கூடு நழுவி விழுந்து, அந்த ரெண்டு கைக்கும் நடுவுல பதமா உக்காந்துச்சு. முட்டையில ஒரு கீறல் இல்ல.

மின்னல் பாதி வழியில தன்னையே பாத்துச்சு. "அட, நான் ரெண்டு பேரா? வலிக்கவே இல்லியே!"

மறுபடி பிரிஞ்சு பாத்துச்சு. நாலாச்சு. எட்டாச்சு. வானத்தோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிளை கிளையா ஓடுச்சு. தலைகீழா நிக்கிற ஒரு வெளிச்ச மரம்! கிளைன்னா என்னன்னு உலகம் அன்னிக்குத்தான் பாத்துச்சு. அண்ணாந்து பாத்த மரமெல்லாம், வானம் காட்டுனபடியே மெல்ல மெல்லக் கையை விரிச்சுது. கடலுக்குப் போற ஆறு நின்னு பாத்துட்டு ரெண்டாப் பிரிஞ்சு நடந்துச்சு. பாதைக்குப் பக்கத்துல இன்னொரு பாதை முளைச்சுது. வாயைப் பொளந்து நாக்கை நீட்டி நின்ன பாம்போட நாக்கு நுனியில ஒரு பொறி விழுந்து, அதுவும் ரெண்டாச்சு. பனை மட்டும், "இதெல்லாம் அடங்காத்தனம்"னு கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. அதான் இன்னிக்கும் அது ஒத்தையா நிக்குது. தன் மேல விழுற மின்னலைப் பிரிச்சு விடத் தெரியாம நிக்குது.

குருவி தள்ளாடித் தள்ளாடிக் கூட்டுக்கு வந்தா.

"தாயி, உன் வாலு..."ன்னு அழுதுச்சு வேம்பு.

"போச்சாக்கா?"

"போகல. ரெண்டா இருக்கு."

"பறக்க முடியுது. போதும்"னு சொல்லிட்டு முட்டை மேல உக்காந்தா. பொழுது சாயுறதுக்குள்ள மூணும் பொரிச்சுது. மணல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த புறா ஒண்ணு தயங்கித் தயங்கிக் கிட்ட வந்துச்சு. "கீழ ஒரு கவட்டை காலியா இருக்கு. நான் வரலாமா?"

"கேட்டுக்கிட்டு நிக்கிறியே! புல்லை எடுத்துட்டு வா"ன்னு அதட்டுனா குருவி. கரியாக் கறுத்ததுனால அன்னிக்கே அவளுக்குக் கரிச்சான்னு பேரு வந்துருச்சு.

அன்னிக்கிலேர்ந்துதான் கரிச்சான் வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. அன்னிக்கிலேர்ந்துதான் அவ குடியிருக்கிற மரம் எதுன்னு பாத்து, அவ காவலை நம்பி, புறாவும் மாங்குயிலும் அதுலயே வந்து கூடு வைக்குது.